மருமகளுக்கு எழுதிய கிரயம்

"சொந்தக்காரருக்கு வீட்டைச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்றால் பத்திரத்தில் எந்தத் தொகையைப் போடுவது?" போன மாதம் மட்டும் மூன்று பேர் இதை என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் இப்போது தொழிலில் இருக்கும் பத்திர எழுத்தர்கள். இரண்டு பேர் போனில் கேட்டார்கள். மூன்றாமவர் வீட்டுக்கே வந்து, மடிக்கணினியைத் திறந்து, இப்போது பலரும் பயன்படுத்தும் ஆயத்தப் படிவத்தைக் காட்டினார். விற்பவர், வாங்குபவர், தொகை, நான்கெல்லை என்று கட்டம் கட்டமாக இருந்தது. எண்ணினேன், முப்பத்தொரு கட்டம். 'ஏன் இந்த விலை' என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. அவர் காபி குடித்துவிட்டுப் போன பிறகும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் முப்பத்தாறு ஆண்டுகள் பத்திரம் எழுதினேன். அதற்கு முன் வத்தலக்குண்டில் ஞானமுத்து என்ற எழுத்தரிடம் மூன்று ஆண்டுகள் நகல் எழுதினேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் வலித்தது, கையெழுத்து திருந்தியது, உரிமம் கிடைத்தது, மலையேறிவிட்டேன்.

ஆனால் ஞானமுத்து ஐயா வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பத்திரம் எழுதி முடித்ததும் வாங்குபவரைப் பார்த்து, "நீங்க போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்பார். அவர் போனதும் கதவைச் சாத்துவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விற்பவரிடம் கேட்பார்: "இப்ப என்னத்த விக்கிறீங்க? யாருக்கு? எவ்வளவுக்கு? பணம் கைக்கு வந்துருச்சா? பத்திரத்தப் பாக்காமச் சொல்லுங்க." விற்பவர் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். தடுமாறினால், கண்ணைத் தாழ்த்தினால், அன்றைக்குக் கையெழுத்து கிடையாது. ஒருமுறை பெரிய தோட்டக்காரர் ஒருவர், "என்னையவே வெளிய அனுப்புறியா?" என்று எகிறினார். ஐயா அசையவில்லை. "டீ ஆறுறதுக்குள்ள கூப்புட்டுருவேங்க" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் நான் மீறியதில்லை. "கைமாறாத பணத்தக் கைமாறுச்சுன்னு எழுதாதய்யா. அப்பறம் அந்தப் பணத்தத் தேடிக்கிட்டு யாராவது வருவான்." அப்படித் தேடிக்கொண்டு வந்தவர்களை நான் பண்ணைக்காட்டில் பார்த்தேன்.

அங்கே ஓர் அண்ணன் தன் வீட்டைத் தம்பிக்குப் பாதி விலைக்கு விற்றிருந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் அரசு ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு குறைத்து விற்றாலும் முத்திரைத் தீர்வையை அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். எப்படியும் அதற்குத்தானே தீர்வை என்று, அங்கிருந்த எழுத்தர் வழிகாட்டி மதிப்பையே விலையாகப் போட்டு, 'முழுவதும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்றும் எழுதிவிட்டார். எல்லாரும் செய்வதுதான். அண்ணன் காலமானார். அவருடைய மகன்கள் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துப் படித்தார்கள். "அப்பா இவ்வளவு வாங்கியிருக்காரு. பேங்க்ல பாதிதான கெடக்கு. மீதி எங்க சித்தப்பா?" என்று கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்றால் அது பொய். கொடுக்கவில்லை என்றால் பத்திரம் பொய். அந்த மனிதர் மிளகு காயும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம், "எங்கண்ணன் பிரியமாக் குடுத்தாருங்க, அத எங்க போயிச் சொல்ல?" என்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜீப்பில் திரும்பும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மனம் சரியில்லாவிட்டால் எதையாவது எண்ணுவது என் வழக்கம்.

இனி மரியபுஷ்பம் அம்மாவின் கதை. என் தொழிலில் எனக்கு மிகவும் பெருமை தந்த பத்திரம் அவருக்கு எழுதியதுதான்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தப் பெயரில் சிறிய வீடு கட்டியவர் அவர். கணவர் இல்லை. மகள் ரெஜினாவை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார். மகன் அருள் டாக்சி ஓட்டினான். காய்ச்சலில் விழுந்து, ஒரே வாரத்தில் போய்விட்டான். அவன் மனைவி லில்லிக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. ஒரு பெண் குழந்தை. லில்லி ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள்.

அருள் போய் இரண்டாவது வருடம், மாமியாரும் மருமகளும் என் அறைக்கு வந்தார்கள். வெளியே மழை. குடையை மடக்காமலே உள்ளே வந்து என் காகிதங்களை நனைத்துவிட்டார்கள். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ரைட்டரய்யா, எம் வீட்ட இவளுக்கு எழுதணும். வெரசா முடிச்சுக் குடுங்க. எம் மக வந்து கூப்பாடு போடுறதுக்குள்ள."

"தானமா எழுதப்போறீங்களா?"

லில்லி தலையை நிமிர்த்தினாள். "தானம் வேணாங்கய்யா. வெலைக்கு. அவுக இன்சூரன்ஸ் பணம் ஆறு லட்சம் இருக்கு. அத்தைக்கு அத அப்படியே குடுத்துர்றேன்."

"ஆறு லட்சமா? கூறு கெட்டவளே" என்றார் அம்மா. "ஒரு லட்சம் போதுங்கய்யா. ஒரு லட்சம்னு எழுதுங்க."

"அத்த, வீடு நாப்பது லட்சம் போகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரவுக சொல்றாக. ஒரு லட்சத்துக்கு வாங்குனா என்னையக் காறித் துப்புவாக."

"துப்புறவன் வந்து கூரைத் தகரத்த மாத்திக் குடுப்பானா? ஒண்ணர லட்சம். அதுக்கு மேல ஒரு ரூவா வாங்க மாட்டேன்."

விற்பவர் விலையைக் குறைக்க, வாங்குபவர் ஏற்ற, இப்படி ஒரு பேரத்தை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்து காத்திருந்த கூக்கால் கிராமத்துப் பூண்டு விவசாயி ஒருவர், "எனக்கும் இப்படி ஒரு மாமியா இருந்தா ஆகாதா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. இந்த மாதிரி அன்பாகத் தொடங்குகிற விவகாரங்கள்தான் நீதிமன்றத்தில் முடியும்.

முதலில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மகனுக்கோ மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ எழுதிவைத்தால் தீர்வையில் பெரிய சலுகை உண்டு. மருமகள் அந்தக் குடும்பக் கணக்கில் வரமாட்டாள். அதனால் பேத்தி பெயருக்குத் தானமாக எழுதினால் செலவு மிகக் குறைவு என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேத்திக்கு எழுதுனா, அது வளந்து ஆளாகுற வரைக்கும் இவ அந்த வீட்டுக்குக் காவக்காரியா இருக்கணுமா? அதுக்கப்பறம் அது கட்டிக்கிறவன் தயவுல நிக்கணுமா? இவ பேருக்குத்தான் எழுதணும்."

"சரிம்மா. ஆனா நாளைக்கு..." என்று இழுத்தேன். ஒரு சங்கடமான விஷயத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன செய்வன்னு கேக்குறீங்க. அதானே? எம் மகளும் அதத்தான் கேக்குறா. பண்ணிக்கிறட்டும். அதுக்காக வீட்ட விட்டு ஏன் போகணும்? வர்றவன் இங்க வரட்டும்."

லில்லி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இந்த வீடு யாருடைய தயவும் இல்லாமல், யாரும் பிறகு கேள்வி கேட்க முடியாமல் லில்லிக்கு நிற்க வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான். அதைக் காகிதத்தில் நிறுத்துவது என் பொறுப்பாகிவிட்டது.

மறுநாள் வீட்டைப் பார்க்கப் போனேன். இடத்தைப் பார்க்காமல் நான் சொத்து விவரம் எழுதுவதில்லை. ஊருக்குக் கீழே சரிவில் இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை. கதவு நான்கு, ஜன்னல் ஆறு. ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். பேரிக்காய் மரம் இரண்டு என்று குறித்துக்கொண்டேன். "ஒண்ணுன்னு எழுதுங்க. அந்த மேட்டுல நிக்கிறது காய்க்காது, அத மரம்னு சொல்லி ஏமாத்தக் கூடாது" என்றார் அம்மா. காய்க்காவிட்டாலும் மரம் மரம்தான் என்று சொல்லி இரண்டு என்றே எழுதினேன்.

பிறகு கணக்கு. வழிகாட்டி மதிப்பு இருபது லட்சம் வந்தது. தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு லட்சம். அது லில்லியின் ஆறு லட்சத்தில் இருந்துதான் போக வேண்டும். மீதி நான்கையும் மாமியாருக்கே கொடுப்பேன் என்று லில்லி நின்றாள். குழந்தை படிப்புக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று அம்மா கத்தினார். கடைசியில் இருவரையும் வாசலுக்கு அனுப்பி, "ஒரு தொகையோட உள்ள வாங்க, ரெண்டு தொகையோட வராதீங்க" என்றேன். மூன்று லட்சத்தோடு வந்தார்கள். இருவர் முகமும் தோற்றவர்கள் முகம்போல் இருந்தது.

விலையை இவ்வளவு குறைத்தால் விற்பவருக்கும் வருமான வரியில் சிக்கல் வரலாம். வராத பணத்தையும் வந்ததாகக் கணக்கிட இடம் உண்டு. அது என் துறை இல்லை. அவர்களை ஓர் ஆடிட்டரிடம் அனுப்பினேன். பழைய வீடு என்பதால் பெரிதாக ஒன்றும் வராது என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் பேனாவைத் திறந்தேன். மூன்று லட்சத்தையும் வங்கி வரைவோலையாக எடுக்கச் சொன்னேன். அதன் எண்ணை நான்கு முறை சரிபார்த்தேன்.

விலை எழுத வேண்டிய இடத்தில் மூன்று லட்சம் என்று மட்டும் எழுதினேன். அரசு மதிப்பு இருபது லட்சம், அதற்குத்தான் தீர்வை செலுத்தப்படுகிறது என்று தனியாக எழுதினேன். அதற்குக் கீழே இதை எழுதினேன்: 'இவ்வீட்டின் சந்தை மதிப்பு இதைவிட மிக அதிகம் என்பதை நான் நன்கு அறிவேன். அறிந்தே, என் காலஞ்சென்ற மகனின் மனைவியாகிய தங்களுக்கு, யாருடைய தூண்டுதலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த விலைக்கு விற்கிறேன். பேசிய விலை இதுவே. இதற்கு மேல் எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை.'

விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு கிரயம் செல்லாமல் போகாது. விற்றவர் தெரிந்து விற்றாரா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலைப் பத்திரத்திலேயே வைத்துவிட்டேன்.

'தாங்கள் மறுமணம் செய்துகொண்டாலும்' என்று ஒரு வரி சேர்க்கும்படி அம்மா கேட்டார். நான் மறுத்தேன். "விலைக்கு வாங்குனவங்க என்ன செஞ்சாலும் வீடு அவங்களோடதுதாம்மா. அப்படி ஒரு வரி போட்டா, அதுக்கெல்லாம் அனுமதி வேணும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எதை எழுதாமல் விடுவது என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாதி.

இன்னொரு வரியில் நான் தோற்றேன். அம்மா ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை எழுதிவிடலாம் என்றேன். ஞானமுத்து ஐயா செய்ததுபோல லில்லியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துச் சொன்னேன். விற்றுவிட்டால் உங்களுக்கு அங்கே ஒரு சுவர்கூடச் சொந்தமில்லை, நாளைக்கே அவள் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும் என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்கு எடம் குடுன்னு எழுதி வாங்கிட்டு வித்தா, அது வித்ததா? அவ தொரத்துனா நான் எம் மக வீட்டுக்குப் போறேன். மக தொரத்துனா கன்னியாஸ்திரிமாருகிட்டப் போறேன். எனக்குப் போக்கிடம் இருக்குங்கய்யா. அவளுக்குத்தான் இல்ல."

நான் அந்த வரியை விட்டுவிட்டேன்.

பதிவு நாள் அன்று ரெஜினா வந்துவிட்டார். எப்படித் தெரிந்ததோ, வெள்ளனே மதுரையில் பஸ் ஏறி, ஆட்சேப மனுவோடு பதிவு அலுவலக வாசலில் நின்றார். சார்பதிவாளர் புதிதாக வந்த இளம்பெண். மனுவைப் படித்தார், பத்திரத்தைப் படித்தார், என்னைக் கூப்பிட்டார்.

"வழிகாட்டி மதிப்பையே விலையாப் போட்டிருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்களே சார். மூணு லட்சம்னு போட்டு நீங்களே கேள்விய வரவழைச்சுட்டீங்க."

"மேடம், வாங்காத பணத்த வாங்குனேன்னு அந்தம்மாவ எப்படிக் கையெழுத்துப் போடச் சொல்றது?"

அவர் மனுவை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு, நீதிமன்றத் தடை இல்லாமல் பதிவை நிறுத்த முடியாது, ஆனால் விற்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினார். அது சரியான முறைதான். இருந்தாலும் கதவுக்கு வெளியே நிற்பது எனக்கு அதுவே முதல் தடவை. தாழ்வாரத்தில் ரெஜினா ஒரு பக்கம், லில்லி ஒரு பக்கம், நடுவில் நான்.

"எந் தம்பி போயி ரெண்டு வருசம் ஆகல" என்றார் ரெஜினா, என்னைப் பார்த்து, லில்லிக்குக் கேட்கும்படி. "அதுக்குள்ள எங்கம்மாவ மயக்கி எழுதி வாங்கியாச்சு. நாளைக்கு எவனையாவது கூட்டிட்டு வந்தா, எங்கம்மா எங்க போகும்?"

"மதினி, ஆறும் தர்றேன்னுதான் சொன்னேன்" என்றாள் லில்லி.

"நாப்பது லட்சம் வீட்டுக்கு ஆறு லட்சம் தர்றாளாம்! தாராள மனசுதான்."

"எங்கிட்ட இருந்தது அதுதான் மதினி. அதுவும் உங்க தம்பி உசுரு போயி வந்த காசு."

ரெஜினா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. சார்பதிவாளர் எல்லாரையும் உள்ளே அழைத்து, எங்கள் முன்னால் மீண்டும் ஒருமுறை கேட்டார். "மீதிப் பணம் உங்களுக்கு வரணுமாம்மா?"

"மீதின்னு ஒண்ணு கெடையாதுங்கம்மா. பேசுனது மூணு. வாங்குனது மூணு. வீடு எம்புட்டுப் பெறும்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? செங்கல்லு சொமந்தவளே நான்தான."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார் ரெஜினா.

"ஒனக்கு இருவது பவுனும் வத்தலக்குண்டு எடமும் குடுத்தப்ப ஒந் தம்பிக்கு ஒண்ணும் இல்லையான்னு நீ கேட்டியா? கேக்கல. அவனும் கேக்கல. அன்னைக்கும் எஞ் சம்பாத்தியம், இன்னைக்கும் எஞ் சம்பாத்தியம். எந்திரி, கேமராவுக்கு மறைக்காம நில்லு."

புகைப்படம் எடுத்தார்கள். கைரேகை மூன்று முறை பதியவில்லை. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த விரல். நான்காம் முறை பதிந்தது. சார்பதிவாளர் முத்திரை வைக்கும்போது, "படிக்கத் தெளிவா இருக்கு சார்" என்றார். தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் அதிகமில்லை. அதில் இதுவும் ஒன்று.

ரெஜினா சும்மா இருக்கவில்லை. பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் எனக்குப் போன் செய்தார். பணம் வங்கி வழியாகப் போனதா என்று கேட்டார். வரைவோலை எண் பத்திரத்திலேயே இருக்கிறது என்றேன். "ஆமா, பாத்தேன். அந்தம்மா தெரிஞ்சே வித்திருக்காங்க. வழக்குக்கு இதுல எடம் இல்லன்னு அவங்ககிட்டச் சொல்லிர்றேன்" என்றார். அத்தோடு முடிந்தது. பட்டாவும் வீட்டு வரியும் லில்லி பெயருக்கு மாறின.

எனக்கு மட்டும் முடியவில்லை. குடியிருப்பு உரிமை என்ற அந்த எழுதாத வரி என்னை விடவில்லை. கடைத்தெருவில் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், கையில் பை இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போகும். ஒவ்வொரு தடவையும் பைதான் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற வருடம் லில்லிக்கு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை அதே லாட்ஜில் எலெக்ட்ரீசியன், பண்ணைக்காட்டுக்காரர், அவருக்கும் மனைவி இறந்துவிட்டிருந்தார். மாதா கோயிலில் திருமணம் முடிந்து, வீட்டில் மதியச் சாப்பாடு. என்னையும் அழைத்திருந்தார்கள். ரெஜினாவும் வந்திருந்தார். யாரோடும் அதிகம் பேசாமல், ஆனால் பந்தியில் பரிமாறிக்கொண்டு இருந்தார்.

மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மனைவி வீட்டில் குடியேறுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த நண்பர்கள், "ஏலே, உள்ள போடா, வீட்டோட மாப்ள" என்று கேலி செய்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம் அம்மாவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "உள்ள வரலாங்களாம்மா?" என்று கேட்டார்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கிட்ட ஏம்ப்பா கேக்குற? நான் வித்துட்டேன். அந்தா அடுப்படியில நிக்கிறா பாரு வீட்டுக்காரி, அவளக் கேளு."